பாகல் கொடியை விட்டு ஓரத்துச் சோளத்தில் தெளியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மொரீசியஸில் எங்கள் பெல் மார் பக்கம் பாகல், பீர்க்கு, வெள்ளரி போடுகிறவர்கள் பலர், காய்க்குள் முட்டையிடும் பழ ஈயைக் கொல்லக் கொடி முழுவதையும் மருந்தால் குளிப்பாட்டுகிறார்கள். ஆனால் இந்த ஈ பகலெல்லாம் கொடியில் தங்குவதில்லை. முட்டையிட மட்டுமே வந்து, ஓரத்துச் சோளத்திலும் புதரிலும் ஒதுங்குகிறது. காய்க்குள் போன புழுவை மேல்தெளிப்பு தொடாது. ஆக, காசு மண்ணுக்குத்தான்!

முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும். அதனால் ஈயை இழுக்கும் புரத இரையில் மருந்தைக் கலந்து, வயலைச் சுற்றிய சோளத்தின் இலைகளில், முடிந்தவரை அடிப்புறமாக, திட்டுத்திட்டாகத் தெளித்தால் போதும். ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கலந்து வரும் இரைக்குத் துளி 4 முதல் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பனிபோலத் தெளிக்கும் தெளிப்பான் மூக்கு உதவாது: சிறுதுளி சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்த இரையை ஈ அவ்வளவாகத் தேடாது. கலவை அளவுக்கு லேபிளைப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். காய்ப்பருவத்தில் வாரம் ஒரு முறை, மழை கழுவினால் உடனே மறுபடியும்.

உதிர்ந்த காயை வரப்பில் வீசுவதுதான் பெரிய தப்பு. புழு மண்ணிறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பக்கத்து வயல்காரரும் அதே வாரம் தெளிக்காவிட்டால், அவர் ஈ உங்கள் கொடிக்கு வரும்.

இப்படிக்கு,
காய்கறி பயிரிடுவோர் சிலர்,
பிளாக் மாவட்டம், மொரீசியஸ்