பாலன் இயேசுவோட பொறந்தநாள பாலனுக்கே விட்டுக்குடுத்த எல்லாருக்கும் நன்றி

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ரங்கூன்ல கிறிஸ்மஸ் நல்லபடியா முடிஞ்சுது. நெறைய பேர நேர்ல பாத்து சொல்ல முடியல, அதான் எங்க பாடகர் குழு சார்பா இங்க எழுதுறேன்.

மொதல்ல குடில் கட்டுன பசங்களுக்கு. எப்பவும் சீரியல் லைட்டு, பிளாஸ்டிக் பனின்னு அமர்க்களப்படுத்துவோம் (ரங்கூன்ல பனியாம், டிசம்பர்லயும் பகல்ல ஃபேன் வேணும் நமக்கு, அந்த ஃபேனுக்கு கரண்ட் இல்லங்கிறது வேற கதை), இந்த தடவ மூங்கிலு, ஓலை, வைக்கோல் மட்டும்தான். அசிசி ஊரு புனித பிரான்சிஸ் 1223ல இத்தாலியில கிரேச்சோ ஊர்ல குடில் வச்சப்ப சொரூபம் கூட வைக்கல, வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அங்கயே பூசை, அவ்வளவுதான்னு ஃபாதர் பிரசங்கத்துல சொன்னத கேட்டுட்டு பசங்களே எடுத்த முடிவு இது. திருவருகைக் காலம் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம்) முழுக்க தொட்டி காலியாவே இருந்துச்சு. சின்னதுங்க எல்லாம் பாலன் எங்க, பாலன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க, நமக்கு வேண்டியதும் அதுதானே.

அடுத்தது நம்ம மறைக்கல்வி பாட்டி. இவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நம்ம பிள்ளைங்க வீட்டுல தமிழ் பேசும், ஆனா எழுத படிக்க பர்மா எழுத்துதான், அதனால லூக்கா நற்செய்தி ரெண்டாம் அதிகாரத்த (இயேசு பொறந்த கதை வர்ற எடம்) பாட்டி ஒரு வரி சொல்ல சொல்ல பிள்ளைங்க பர்மா எழுத்துல நோட்டுல எழுதிக்கிச்சுங்க, அப்பறம் 'ழ' வர்ற எடத்துல எல்லாம் பென்சில்ல ஒரு புள்ளி வச்சு, தெனம் சாயங்காலம் கரண்ட் இல்லாட்டியும் மெழுகுதிரி வச்சுக்கிட்டு சொல்ல வச்சாங்க. திருவிழா அன்னைக்கு பிள்ளைங்க தடுமாறாம வாசிச்சப்ப பெரியவங்க பாதி பேரு அழுதுட்டாங்க. நானும்தான்.

கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடுற அண்ணனுக்கு ஒரு ஸ்பெஷல் தேங்க்ஸ். தாத்தாவ டிசம்பர் 6க்கு, தாத்தா கதைக்கே மூலமான புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு மாத்திட்டோம், தாடியோட மீரா நகரத்து ஆயரா (பிஷப்பா) வந்து கதை சொல்லி சாக்லேட் குடுத்தாரு. 25ம் தேதி மேடையில தாத்தா இல்ல. சில பேருக்கு வருத்தம்தான், தெரியும். என்னை கேட்டா ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும்.

கேரல்ஸ் பணத்துல எப்பவும் டீ-ஷர்ட் அடிப்போம். இந்த வருஷம் வேண்டாம்னு எளைஞர்கள் சொன்னதால அது முழுசும் மாண்டலேல 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல வீடு போனவங்களுக்கு போயிருச்சு. கதவ தெறந்து பாடவிட்டு காசும் போட்ட பௌத்த, இந்து, முஸ்லிம் வீட்டுக்காரங்களுக்கு கும்பிடு. ஒத்திகைக்கு ஜெனரேட்டர் வயரு இழுத்துக்குடுத்த டீக்கடை ஊலேக்கும் (பர்மா பாஷையில மாமா), பிரியாணிக்கு அண்டா குடுத்த இந்துக்கோயில் அண்ணன்மாருக்கும் ரொம்ப நன்றி.

ஜனவரி தொடக்கத்துல வர்ற மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடில் இருக்கும், பாக்காதவங்க வாங்க. கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. ரெண்டு பெரிய கரண்டியும் ஒரு குடையும் கோயில் கிச்சன்ல கெடக்கு, யாருதுன்னு சொல்லி எடுத்துக்கிட்டு போங்கப்பா.