மொட்டை மாடிச் சூட்டை யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூரில் அண்மையில் வீடு கட்டிக் குடியேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கத்திரி வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்கும் மின்விசிறி அனலைத்தான் வீசுகிறது என்பார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். 3 சென்ட் மனை, மேற்குப் பார்த்த வாசல். எலிவேஷன் எடுப்பாக இருக்கும் என்று எஞ்சினியர் சொன்னதை நம்பி மேற்கே ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வைத்தோம், கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தைக் கழிவறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் கொடுத்துவிட்டோம். பால் காய்ச்சிய மூன்றாம் மாதமே இரண்டு ஏசி. தப்பு எங்கள் மேலும்தான்.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதை வீட்டுக்குள் இறக்குகிறது, ஏசி முதலில் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அப்புறம்தான் நம்மைக் கவனிக்கிறது. போன வருடம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். (உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை, கண்ணாடியைத் தாண்டிய சூடு உள்ளேதான் கிடக்கும்.) இப்போது ஒரு ஏசி போதும், அதுவும் படுக்கும்போது இரண்டு மணி நேரம். கட்டும்போதே செய்திருந்தால் கூலிக்கு இரண்டாம் தடவை அழுதிருக்க வேண்டாம்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. பக்கத்தில் புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை 1937 வாக்கிலேயே கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் இப்படி யோசித்துத்தான் கட்டினார். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை, வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வேண்டியபடி திருப்பிக்கொள்ளும் சட்டங்கள், தளத்துக்கு மேல் காற்றுக்கு இடைவெளி விட்டு வளைவான கான்கிரீட் ஓடுகள்.

வீடுகளுக்கென்றே மத்திய அரசு 2018 இல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்றுகூட அதில் வரம்பு உண்டு. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு, அதாவது 12 சென்ட்டுக்கு மேல். நம் ஊரில் எத்தனை பேர் அவ்வளவு பெரிய மனையில் கட்டுகிறோம்?

2003 இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்துக்கொண்டேனும் எல்லோரும் குழாய் இறக்கினோமே. அதுபோல வரைபட அனுமதிப் படிவத்தில், தளத்துக்கு மேல் என்ன போடப் போகிறீர்கள், மேற்குச் சுவருக்கு நிழல் எங்கே என்று இரண்டு கேள்வியைக் கடலூர் மாநகராட்சி சேர்க்கட்டும். அடுத்த கோடைக்கு முன்பே செய்யலாம்.

— ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்