பிஸ்டனை மாற்றுமுன் அது ஏன் போனது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலைப் பழையதாக வாங்கி ஓட்டுவோருக்காகத் தங்கள் பத்திரிகையில் சென்ற வாரம் வெளியான குறிப்பில், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் சிலிண்டருக்குள் மேலும் கீழும் அசையும் பிஸ்டனையும் அதைச் சுற்றியுள்ள றிங்குகளையும் (வளையங்களையும்) மாற்றி, சிலிண்டரின் உட்சுவரை மணல்தாளால் தேய்த்துவிட்டால் ஒரே நாளில் வண்டி ஓடும் என்று சொல்லப்பட்டிருந்தது. கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள சட்பரிக்கு அருகே பதினெட்டுக் குளிர்காலங்களாக இந்த வண்டிகளைத் திருத்தி வருகிறேன். அந்தக் குறிப்பை நம்பி வேலையில் இறங்குபவர் ஒரு பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு வாங்க நேரிடும் என்பது மட்டுமல்ல, கைப்பேசித் தொடர்பே இல்லாத காட்டுப் பாதையில், மைனஸ் 25 பாகைக் குளிரில், இருட்டும் நேரத்தில் நின்றுவிடவும் கூடும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பிஸ்டன் பல வருட ஓட்டத்தில் தேய்ந்து போவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே உரசி இறுகுவது வேறு. பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் பிஸ்டனுக்கு வெளியே இருக்கும். சென்ற ஜனவரியில் ஓர் இளைஞர் தம் வண்டியை ட்ரெய்லரில் ஏற்றி வந்தார். அவரே புதிய பிஸ்டன் பூட்டியிருந்தார், வேலையில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் (எஞ்சினின் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) காய்ந்து வெடித்திருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலும் காற்றும் ஒயிலும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் வந்து, அங்கே அமுக்கப்பட்டுத்தான் மேலே சிலிண்டருக்குப் போகிறது. அந்த அறையில் மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும் பெற்றோலும் ஒயிலும் இல்லாத வெறுங்காற்று உள்ளே வந்து கலவையை மெலியச் செய்கிறது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, பிஸ்டனின் புகைபோக்கிப் பக்கம் உருகுகிறது. சீலை மாற்றாமல் எத்தனை பிஸ்டன் போட்டாலும் அத்தனையும் அதே வழியில்தான் போகும்.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடிப் படகு எஞ்சின்களில் நான் தொழில் பழகிய காலத்தில், பழுதான பிஸ்டனைக் கழுவவோ எறியவோ என் மாமா விடமாட்டார். முதலில் அதை மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்வார். இங்கேயும் நான் அதைத்தான் செய்கிறேன். உரசல் புகைபோக்கிப் பக்கத்தில் மட்டும் இருந்தால் கலவை மெலிந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்: காற்றுக் கசிவு, அடைபட்ட காபுரேற்றர் ஜெற் (பெற்றோலை அளந்து விடும் சிறு துளை), பெற்றோல் குழாயில் உறைந்த நீர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். சுற்றிவர நான்கு இடங்களில் நெடுக்காகக் கீறல் இருந்தால், எஞ்சின் சூடாகுமுன்பே முழு வேகத்தில் ஓட்டப்பட்டிருக்கிறது. அலுமினியப் பிஸ்டன் சில நிமிடங்களில் விரிந்துவிடுகிறது, உறைகுளிரில் கிடந்த சிலிண்டரோ அதே வேகத்தில் விரிவதில்லை, இடைவெளி இல்லாமல் போகிறது. தலைப்பகுதியின் விளிம்பு கறையான் அரித்ததுபோல் இருந்தால் எரிபொருள் உரிய நேரத்தில் எரியாமல் வெடித்திருக்கிறது என்று பொருள். இன்னொரு காரணத்தையும் இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். நீர் குளிர்விப்பு வண்டிகளில் கூலன்ட் இருக்கைக்கு அடியிலுள்ள தகடுகளின் வழியாக ஓடி, வண்டியை உந்தும் பட்டையான ட்ராக் வாரியெறியும் பனியினால்தான் குளிர்கிறது. பனி மூடாத வெற்று ஐஸ் ஏரியில் நெடுந்தூரம் ஓட்டினால் அந்தத் தகடுகளில் பனி படாமல் எஞ்சின் கொதிக்கிறது.

இனி மணல்தாளைப் பற்றி. தற்காலச் சிலிண்டர்களில் பெரும்பாலானவை அலுமினியத்தால் ஆனவை. அவற்றின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த நிக்கசில் என்னும் மிகக் கடினமான பூச்சு உண்டு, அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட வராது. இறுகிய எஞ்சினில் அந்தப் பூச்சின் மேல் பிஸ்டனின் அலுமினியம் ஈயம் பூசினாற்போல் ஒட்டியிருக்கும். அதை முரட்டுத்தாளால் சுரண்டினால் பூச்சும் வட்டமும் சேர்ந்து கெடும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவினால் அலுமினியம் கரைந்து போகும், நல்ல பூச்சுக்குச் சேதம் வராது. ஆனால் கலவையும் புகையும் போய்வரும் சிலிண்டர்த் துவாரங்களின் ஓரத்தில் பூச்சில்லாத அலுமினியத்தில் அமிலம் படக்கூடாது. பிறகு சவர்க்கார நீரில் கழுவி உடனே ஒயில் தடவ வேண்டும். அப்போதும் பூச்சு உரிந்திருப்பதோ நகம் தடுக்கும் பள்ளமோ தெரிந்தால் அந்தச் சிலிண்டரை மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும், அல்லது வேறு வாங்க வேண்டும், தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. இரும்பு உறை வைத்த பழைய சிலிண்டர்களை மட்டுமே கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் போடலாம்.

பூட்டும் வேலையில் என் மனத்தை எப்போதும் உறுத்துவது பிஸ்டனின் ஊசி நழுவாமல் பிடித்திருக்கும் சேர்க்ளிப் என்னும் சிறு கம்பி. கழற்றியதை மறுபடி போடுவது கூடவே கூடாது, புதியதன் வாய் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ இருக்க வேண்டும், போடும்போது கிராங்க் அறையின் வாயைத் துணியால் அடைத்திருக்க வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைபோக்கிப் பக்கம் பார்க்க வேண்டும். றிங்கின் வாய் (அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள வெட்டு) பிஸ்டன் பள்ளத்தில் அதற்குரிய முளையில் உட்காராவிட்டால் சிலிண்டரை இறக்கும்போதே றிங் முறியும்.

எல்லாம் பூட்டிய பின், உள்வழியையும் புகைவழியையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 6 இறாத்தல் அளவு காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் மேலே சொன்ன கசிவுகள் அனைத்தும் பிடிபடும், இறங்கினால் சவர்க்கார நுரை இடத்தைக் காட்டிவிடும். கைப்பம்பும் சிறு அழுத்தமானியும் போதும் இந்தச் சோதனைக்கு, தங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. கூலன்ட் ஊற்றியதும் வண்டியின் முன்பகுதியை உயர்த்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதும் அதில் விடுபட்டுள்ளது.

ஸ்னோமொபைல் பாதைகள் திறக்குமுன் வண்டியைத் தயார் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் பலர் இப்போதே வேலையைத் தொடங்கியிருப்பார்கள். ஆகையால் இக்கடிதத்தை அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்னோமொபைல் திருத்துநர் ஒருவர்,
சட்பரி, ஒன்ராறியோ