‘எல்லாமே ஆன்லைன்’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், டாலஸ், டெக்சாஸ்
பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம், சென்னை
பொருள்: ஸ்பீச் லாங்குவேஜ் பெத்தாலஜி (பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை தரும் துறை) ஆன்லைன் முதுகலைப் படிப்பு – தவறான தகவல் தந்தது, கட்டணத்தைத் திருப்பித் தருவது

ஐயா,

வணக்கம். போன ஆகஸ்டில் உங்கள் மூலமாக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்கண்ட படிப்புக்கு விண்ணப்பித்தேன். உங்களுக்குக் கட்டியது 1,500 டாலர். இடம் கிடைத்ததும் பல்கலைக்கழகத்துக்கு 500 டாலர் கட்டினேன்; அது திரும்ப வராது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை எனக்கு ஆபீஸ் என்று முதல் போனிலேயே சொன்னேன். “எல்லாமே ஆன்லைன்தான் மேடம், வேலையை விடவே வேண்டாம், ராத்திரி எட்டுக்கு மேலதான் கிளாஸ்” என்றார் உங்கள் கவுன்சலர். அந்த வாட்ஸ்அப் குரல் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்.

பணம் கட்டி மூன்று வாரம் கழித்து மாணவர் கையேடு வந்தது. வகுப்புகள் ஆன்லைன்தான், ராத்திரியில்தான். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் 400 மணி நேரம் கிளினிக்கல் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பது, மீதி 375 மணி நேரம் சிகிச்சைக்கு வருபவர்களோடு நாமே வேலை செய்வது. கம்ப்யூட்டர் சிமுலேஷனில் செய்தால் அதில் 75 மணி வரைதான் கணக்கில் சேரும். பயிற்சி நடப்பது பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும். அங்கே மேற்பார்வையிடும் தெரபிஸ்ட் பகலில்தான் வேலை பார்ப்பார். கடைசிப் பருவத்தில் வாரம் ஐந்து நாளும் போக வேண்டும், சம்பளம் கிடையாது. இது போக, படிப்புக் காலத்தில் இரண்டு முறை, முறைக்கு ஒரு வாரம் வீதம், கல்லூரிக்கே நேரில் வர வேண்டும். வேலையை விடாமல் இதைச் செய்ய வழியே இல்லை.

இந்த 400 மணி நேரம் அந்தப் பல்கலைக்கழகம் தானாக வைத்த நிபந்தனை இல்லை. ஆஷா என்கிற அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் தன் சான்றிதழுக்கு வைத்திருக்கும் விதி. அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அந்தச் சான்றிதழ் வேண்டுமென்றால் இதிலிருந்து தப்ப முடியாது. இந்தப் படிப்பை விற்கிற கவுன்சலருக்கு இது தெரியாமல் இருக்கவே கூடாது.

அடுத்தது உயிரியல். ஆஷா சான்றிதழுக்கு உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் நான்கிலும் கல்லூரி அளவில் படித்த மதிப்பெண் பட்டியல் வேண்டும். நான் கணிதம் படித்தவள்; இயற்பியலும் புள்ளியியலும் ஆன்சிலரியாக இருந்ததால் அவை சரி. ப்ளஸ் டூவில் எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், உயிரியல் பக்கமே போனதில்லை என்று சொன்னபோது “அதெல்லாம் கேட்க மாட்டாங்க” என்றார். கேட்டார்கள். இப்போது உயிரியலும், சமூக அறிவியலுக்காக உளவியலும் கம்யூனிட்டி காலேஜில் என் செலவில் படித்தாக வேண்டும்.

படிப்புக்குப் பின்னால் என்ன என்பதும் எனக்குச் சொல்லப்படவில்லை. பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வில் 162 எடுக்க வேண்டும், அப்புறம் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் ஃபெலோஷிப், அதாவது ஒரு மூத்த தெரபிஸ்டின் வழிகாட்டுதலில் வேலை. அது படிப்பில் சேராது. எனக்கு ஈஏடி, அதாவது அமெரிக்காவில் வேலை செய்வதற்கான அனுமதி அட்டை, இருக்கிறது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் ஈஏடி இல்லாமல் இருக்கும் பெண்களையும் இதே கவுன்சலர் இதே படிப்பில் சேர்க்கிறார் என்பது தெரிந்துதான் எனக்குத் தூக்கம் போனது. அவர்கள் படித்து முடித்துவிடலாம். அந்த வேலையில் சேர முடியாது.

நான் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு நான்கு வயது வரை ‘க’ வராது. மரத்தில் காக்காவைக் காட்டி “தாத்தா, தாத்தா” என்பான். வீடியோ காலில் என் அப்பா, தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று கையசைப்பார். பள்ளியின் தெரபிஸ்ட் அவனைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, நாக்கின் நுனியை ஐஸ் குச்சியால் லேசாக அழுத்திக்கொண்டு, பின்நாக்கு மேலே எழும்பும் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஏழாவது வாரம் தொண்டையிலிருந்து ஒரு ‘க்’ வந்தது. நான் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் 400 மணி நேரம் அதிகம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு குழந்தையின் வாயில் கை வைக்கப் போகிறவர் அவ்வளவு நேரம் இன்னொருவர் கண் முன்னால் பழகித்தான் ஆக வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வருடம் பணம் சேர்த்து, உயிரியலை முடித்து, வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்திருப்பேன். அந்த வாய்ப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இவைதான். உங்கள் கட்டணம் 1,500 டாலரும், உங்கள் பேச்சை நம்பி நான் கட்டிய 500 டாலரும் 30 நாட்களுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் விளம்பரத்தில் ‘வேலையை விடாமல் படிக்கலாம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, நேரடிப் பயிற்சி பகலில் நடக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்தப் படிப்புக்கு இப்போது உங்களிடம் பணம் கட்டியிருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அவர்களிடம் ஈஏடி இருக்கிறதா, உயிரியல் படித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், குரல் பதிவோடும் ரசீதுகளோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

ரசீதுகளின் நகல், கவுன்சலருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கையேட்டின் கிளினிக்கல் பயிற்சிப் பக்கங்கள் மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பணம் கட்டிய மாணவி