காபி இயந்திரம் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். கொட்டையைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினால் கோப்பையில் காபி வந்து நிற்கும் முழுத் தானியங்கி எஸ்பிரெஸோ இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் அப்பா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு மியூனிக்கில் பனி விழுகிறதா என்று கேட்கத் தொடங்கிவிடுவார் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். உன் அண்ணன் பெங்களூருக்குக் குடிபோனபோது இங்கே விட்டுச்சென்ற இயந்திரத்தை இத்தனை ஆண்டுகளாகக் கட்டி மேய்ப்பவள் நான்தான். அப்பாவுக்குக் குடிக்க மட்டுமே தெரியும். ஆகவே இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று எண்ணிக்கொள்கிறேன்.

தாராளமாக வாங்கு. ஆனால் வேலை மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதே. டிகாஷன் இறக்கும் வேலை உனக்கு இருக்காது. அந்த இடத்தில் கழுவித் துடைக்கும் வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை யார் செய்வது என்று நீயும் மாப்பிள்ளையும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஆசைப்படுகிறவர் அவர் என்றால் தட்டைக் கழுவுகிறவரும் அவராகவே இருக்கட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். பொத்தானை அழுத்தியதும் அரவைப் பகுதி கொட்டையை அரைக்கிறது. ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையிலான தூள் ஒரு சிறு அறைக்குள் விழ, அதை ஓர் உந்துதண்டு அழுத்திக் கெட்டியாக்குகிறது. தெர்மோபிளாக் என்னும் சூடேற்றும் உலோகக் கட்டியின் குறுகிய குழாய்க்குள் ஓடிச் சூடான தண்ணீரைப் பம்பு அந்தத் தூளின் வழியாக அரை நிமிடத்துக்குள் செலுத்திவிடுகிறது. நம் பித்தளை பில்டரில் தண்ணீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குக் கால் மணி நேரமாவது ஆகிறது. இங்கே 9 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு, அதைச் செய்கிறது. பெட்டியின் மேல் 15 பார், 19 பார் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது பம்பின் உச்சத் திறனே தவிர, காபி வடியும்போது இருக்கும் அழுத்தம் அன்று. அந்த எண்ணுக்காக ஒரு யூரோகூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. 1901இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் பலத்தில் ஓடியது. 1961இல் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த இயந்திரத்தில்தான் மின்பம்பு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அரைப்பது முதல் சக்கையைத் தள்ளுவது வரை அத்தனையையும் வீட்டு மேடையில் வைக்கும் அளவிலான ஒரே பெட்டிக்குள் அடக்கியது 1985இல் இத்தாலியின் சேகோ நிறுவனம். நீ பார்த்து மயங்கிய தொடுதிரையெல்லாம் அதற்குப் பிறகு ஒட்டிய அலங்காரம்.

வாங்கும்போது நீ முதலில் பார்க்க வேண்டியது, தூளை அழுத்தி வடிக்கும் அந்தப் பாகத்தை, புரூ யூனிட் என்பார்களே, அதை வெளியே எடுத்துக் கழுவ முடியுமா என்பதைத்தான். டெலாங்கி, பிலிப்ஸ், சீமென்ஸ், மெலிட்டா போன்ற நிறுவனங்களின் இயந்திரங்களில் பக்கவாட்டுக் கதவையோ தண்ணீர்த் தொட்டியையோ அகற்றினால் அது கையோடு வந்துவிடும். சுவிட்சர்லாந்தின் யூரா இயந்திரங்களில் அது உள்ளேயே நிலையாக இருக்கும். மாத்திரை போட்டு இயந்திரமே கழுவிக்கொள்ளும். யூராவின் காபியைக் குறை சொல்ல மாட்டேன், விலையும் அதற்கேற்ப இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்க முடியாத இடம் சுத்தமாகிவிட்டது என்று நம்புவது என் சுபாவத்துக்கு ஒத்துவராது. உனக்கும் ஒத்துவராது என்று நினைக்கிறேன். நீ என் வயிற்றில் பிறந்தவள்.

வாரம் ஒரு முறை நான் செய்வதைச் சொல்கிறேன். பொத்தானை அணைத்து, உந்துதண்டு தன் இருப்பிடத்துக்குத் திரும்பும் சத்தம் அடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவிலேயே பிளக்கைப் பிடுங்கினால் அது பாதி வழியில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. பிறகு கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் உள்ள பிடிகளைச் சேர்த்து அழுத்தி இழுத்தால், உள்ளங்கை அளவிலான பாகம் ஈரக் காபித்தூள் அப்பிய கோலத்தில் வெளியே வரும். மேலே உள்ள எஃகு வலையின் ஓட்டைகளில் கறுப்பாகத் துகள் அடைத்திருக்கும். அதை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்தால் போதும். சோப்பு கூடாது, ஏனென்றால் ரப்பர் வளையத்தின் மேலுள்ள கிரீஸ் போய்விடும். அது வடியும் நேரத்தில் உள்ளே சிந்திக் கிடக்கும் தூளை ஒரு பழைய பெயின்ட் பிரஷால் கூட்டி அள்ளிவிடுவேன். சில மாதங்களுக்கு ஒரு முறை, உணவுப் பாத்திரங்களுக்கு உரிய சிலிகான் கிரீஸை மிளகளவு எடுத்து வளையத்தைச் சுற்றித் தடவுவேன். இதைச் செய்யாத ஒரு வீட்டில், ஊருக்குப் போய்த் திரும்பியதும் கதவைத் திறந்து காட்டினார்கள். சக்கைப் பெட்டி முழுவதும் வெண்பூஞ்சை. காபிக்கொட்டையில் எண்ணெய் இருக்கிறது, அது தங்கினால் சிக்கு நாற்றம் அடிக்கும் என்பதை நீ படித்தவள், நான் விளக்க வேண்டியதில்லை. மாவாட்டிய கிரைண்டரை அப்போதே கழுவாமல் மறுநாள் காய்ந்த மாவோடு போராடுகிறவர்களுக்கு இந்த இயந்திரம் லாயக்கில்லை.

இந்தப் பாகம் வெளியே வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு முறை காபி கோப்பைக்கு வராமல் அடித்தட்டில் வடிந்தபோது, இங்குள்ள பழுதுபார்க்கும் கடையில் இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் பம்பை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். தேய்ந்திருந்தது ரப்பர் வளையம் மட்டுமே. அதை வரவழைத்து அப்பாவே மாட்டினார். குடிப்பதைத் தவிர அவர் இந்த இயந்திரத்துக்குச் செய்த ஒரே தொண்டு அது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்தது தண்ணீர். வேதியியல் ஆசிரியை என்ற முறையில் இதில் சற்று நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் வாழ்ந்த நமக்கு உப்புப் படிவது என்றால் போர் தண்ணீர் விழும் குளியலறைக் குழாய்தான் நினைவுக்கு வரும். உங்கள் மியூனிக்கின் குடிநீரில் பெரும்பகுதி மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. குடிக்க அருமையான தண்ணீர். ஆனால் ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சுண்ணாம்புப் படிவுகளின் வழியாக ஊறி வருவதால் கடினத் தண்ணீர். தண்ணீரின் கடினத்தன்மைக்கான ஜெர்மானிய அளவில் 14 பாகைக்கு மேலிருந்தால் கடினம் என்று வகைப்படுத்துகிறார்கள். ஒரு பாகை என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்பனேட்டாகப் படிகிறது. கெண்டியில் படிந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். தெர்மோபிளாக்கின் குறுகிய குழாயில் படிந்தால் முதலில் சூடு குறையும், பிறகு ஓட்டம் குறையும், கடைசியில் அடைத்தே போகும். அங்கே இந்த இயந்திரங்களைக் கொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இயந்திரத்தோடு ஒரு சோதனைப் பட்டை கொடுப்பார்கள். அதைத் தண்ணீரில் ஒரு கணம் நனைத்து, எத்தனை கட்டம் நிறம் மாறியது என்று பார்த்து அந்த எண்ணை இயந்திரத்தில் பதிந்துவிடு. எப்போது உப்பு நீக்க வேண்டும் என்று அது கணக்கிடுவது அந்த எண்ணை வைத்துத்தான். தொட்டிக்குள் பொருத்தும் வடிகட்டியைச் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு அந்தச் செலவு தண்டமில்லை. உப்பு நீக்க வினிகரை ஊற்றாதே; ரப்பருக்குக் கேடு, வாடையும் லேசில் போகாது. சிட்ரிக் அமிலம் மலிவு என்று உன் தோழிகள் சொல்வார்கள். ஆனால் சூட்டில் அது கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட்டாகி, உப்பை நீக்கப்போய் வேறோர் உப்பைக் குழாயில் விட்டுவிட்டு வரும். லாக்டிக் அமிலத்தில் செய்த திரவங்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்கிக்கொள். அந்த வேலைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் நிறுத்தினாலும் முடித்துக் கொடுக்கும் வரை இயந்திரம் காபி தராது என்பதால், ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த பிறகு தொடங்கு, குடிப்பதற்கு முன்னால் வேண்டாம்.

பால் விஷயத்தில் என் கட்சி எளிமையானது. பாலைத் தானே உறிஞ்சி நுரையாக்கும் வசதி உள்ள மாடல்களில் அந்தச் சன்னமான குழாயை ஒவ்வொரு நாளும் அலச வேண்டும். ஒரு நாள் விட்டால் உள்ளே பால் திரைந்து ஒட்டிக்கொள்ளும். நீராவிக் குழல் மட்டும் உள்ள மாடலை எடுத்தால் ஈரத்துணியால் துடைத்து, ஒரு முறை நீராவியைத் திறந்து மூடினால் வேலை முடிந்தது. மேலும் இயந்திரத்தின் நுரைப்பால் 60, 65 பாகை செல்சியஸோடு நின்றுவிடும். டபராவில் ஆற்றிக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது ஆறிப்போன காபி. இங்கே நான் இயந்திரத்தில் சிறிய அளவில் இரண்டு முறை எஸ்பிரெஸோ இறக்கி, அடுப்பில் பொங்கிய பாலைச் சேர்த்து அப்பாவுக்குக் கொடுக்கிறேன். பெரிய அளவில் ஒரே தடவையாக இறக்கினால் ஏற்கெனவே சாறு போன சக்கையில் மேலும் தண்ணீர் ஓடிக் கசப்புத்தான் வரும்.

அப்படிச் செய்தாலும் அது பில்டர் காபி ஆகிவிடாது, அம்மணி. நம் காபியின் நிறமும் கெட்டித்தன்மையும் பாதி சிக்கரியால் வருகின்றன. சிக்கரி கொட்டையன்று, வறுத்து நொறுக்கிய கிழங்கு வேர், ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். அதை எந்தக் காரணம் கொண்டும் கொட்டைத் தொட்டியில் போடாதே. தூள் போடுவதற்கென்று தனியே உள்ள வாயிலும் போடாதே. இங்கிருந்து வருகிறவர்களிடம் காபித்தூள் கொடுத்தனுப்பினால் அது உன் பித்தளை பில்டருக்குத்தான். இயந்திரத்துக்கு, சிக்கமகளூரோ ஏற்காடோ எத்தியோப்பியாவோ, நடுத்தரமாக வறுத்த கொட்டையை வாங்கு. கறுக வறுத்து எண்ணெய் மினுங்கும் கொட்டை தொட்டியின் சரிவில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது; கொட்டை நிறைய இருக்கும்போதே கொட்டை இல்லை என்று விளக்கு எரியும். அரவையின் அளவை அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஒரு படி திருப்பு. பழைய தூள் தீர்ந்து மாற்றம் நாக்குக்குத் தெரிய இரண்டு மூன்று கோப்பை ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மேலும் திருப்பிவிடுவது உன் அண்ணனின் பழக்கம்.

கையேட்டில் கண்ணில் படாமல் போகும் சில சில்லறை விஷயங்கள். சக்கைப் பெட்டியை இயந்திரம் இயங்கும் நிலையில் இருக்கும்போதே காலி செய். அணைத்துவிட்டுக் கொட்டினால் அதன் கணக்கில் பெட்டி நிறைந்ததாகவே இருக்கும். தொடங்கும்போதும் அணைக்கும்போதும் தன்னைத்தானே அலசிக்கொள்வதால் அடித்தட்டில் நீங்கள் குடித்ததைவிட அதிகமாகத் தண்ணீர் சேரும், அது ஒழுகல் அல்ல. அரவைச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். உங்கள் அடுக்ககத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாப்பிள்ளை ஐந்தரைக்குக் கிளம்பும் நாட்களில் பில்டர்தான் உங்களைக் காப்பாற்றும்.

விலையைப் பொறுத்தவரை, புரூ யூனிட் கழற்றக்கூடிய, நீராவிக் குழல் மட்டும் உள்ள சாதாரண மாடலே போதும். 1000 யூரோவுக்கு மேல் போகிறவற்றில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் திரையும் பால் வகைகளின் பட்டியலும்தான். புதிதாகக் கடையில் வாங்கினால் சட்டப்படி இரண்டு ஆண்டுப் பொறுப்பு விற்றவருடையது; ரசீதைப் பத்திரப்படுத்து. யாரேனும் பயன்படுத்தியதை விற்கிறார்கள் என்றால் கதவைத் திறந்து புரூ யூனிட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு விலை பேசு.

இந்த வாரமே ஏதாவது கடையில் சோதனைப் பட்டை வாங்கி உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, வந்த எண்ணை எனக்கு எழுது. மனத்தில் வைத்திருக்கும் இரண்டு மாடல்களின் பெயரையும் சேர்த்து அனுப்பு. அவற்றின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கிறதா என்று அப்பா தேடிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா