மயக்கம் தரும் செவிலியர் பணி: சம்பளத்துக்கு முன்னால் தெரிய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் படிப்பவர்களில், அறுவை அரங்கில் பயிற்சி முடித்துத் திரும்பியதும் 'நானும் மயக்கம் கொடுக்கும் நர்ஸ் ஆகணும்' என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு பணி உண்மையிலேயே இருக்கிறது. பெயர் சி.ஆர்.என்.ஏ.; சான்று பெற்ற செவிலிய மயக்கவியலாளர் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் வேலை வழிகாட்டிக் கட்டுரைகளில் இந்தப் பணியைப் பற்றி வருவதெல்லாம் பெரும்பாலும் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. அந்த ஆசையோடு இருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் சில விவரங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியாவில் மயக்கம் கொடுப்பவர் மயக்கவியல் படித்த மருத்துவர். அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தவர் அவருக்கு உதவியாளர். அந்தப் படிப்பு அமெரிக்கச் செவிலிய மயக்கவியலுக்கு வழி அல்ல. அந்த வழி செவிலியர் பட்டத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவிலும் மயக்கவியல் மருத்துவர், செவிலிய மயக்கவியலாளர், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே இயங்கும் மயக்கவியல் உதவியாளர், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் என நான்கு பேர் தனித்தனி. விளம்பரங்களில் இவர்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

இது நேற்று முளைத்த பணி அல்ல. 1877-லேயே பென்சில்வேனியாவின் ஈரி நகரில் மேரி பெர்னார்ட் என்ற அருட்சகோதரி மயக்கம் கொடுப்பதையே தனிப் பொறுப்பாக ஏற்றார். மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் ஆலிஸ் மகாவ் என்ற செவிலியர், மயக்கத்தால் ஓர் இறப்பும் இல்லாமல் 14,000 பேருக்கு மயக்கம் கொடுத்த விவரத்தை 1906-இல் வெளியிட்டார். முகமூடித் துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்ட காலம் அது. மானிட்டர் என்று எதுவுமே கிடையாது. 1931-இல் அகதா ஹாட்ஜின்ஸ் என்ற செவிலியரின் தலைமையில் இவர்களுக்கான சங்கம் உருவானது. சி.ஆர்.என்.ஏ. என்ற பட்டம் 1956-இல் வந்தது.

இனி வழி. பி.எஸ்சி. நர்சிங், பிறகு அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு, அமெரிக்க மாநிலம் ஒன்றின் பதிவுபெற்ற செவிலியர் உரிமம், குறைந்தது ஓராண்டு முழுநேரத் தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம், அதன் பிறகு 36 மாதங்களுக்குக் குறையாத முனைவர் நிலைப் படிப்பு. 2022 ஜனவரி முதல் புதிதாகச் சேரும் எவரும் முனைவர் நிலையில்தான் சேர முடியும். பழைய முதுநிலைப் படிப்பை நம்பி எழுதப்பட்ட வழிகாட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். படிப்புக் காலத்தில் 2,000 மணி நேரம் நோயாளிகளிடம் பயிற்சி. தானே கையாண்ட மயக்கங்கள் 600-க்குக் குறையக் கூடாது. முடிவில் தேசியச் சான்றுத் தேர்வு. அதில் கேள்விகள் 100 முதல் 170 வரை. எழுதுபவரின் பதிலுக்கேற்பக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்.

நம் மாணவர்கள் தவறவிடும் வரி இதுதான்: அந்த ஐ.சி.யு. அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும். நம் ஊரில் பத்து ஆண்டு ஐ.சி.யு.வில் நின்றிருந்தாலும் அது உங்களைத் திறமைசாலி ஆக்கும். சேர்க்கைக்கான கணக்கில் ஏறாது. 'இங்கேயே ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு நேராக மயக்கவியல் பள்ளிக்குப் போகலாம்' என்று திட்டமிடுபவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

எந்த ஐ.சி.யு. என்பதும் முக்கியம். ரத்தக்குழாய்க்குள்ளிருந்தே அழுத்தம் அளக்கும் கருவிகள், இதயத் துணைக் கருவிகள், வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் மருந்துச் சொட்டு ஆகியவற்றில் ஒன்றையாவது அன்றாடம் கையாளும் பிரிவே தீவிர சிகிச்சைப் பிரிவு என்று விதி வரையறுக்கிறது. ஓராண்டு என்பது தாளில் உள்ள குறைந்த அளவு. எங்கள் கருத்தில் இரண்டாண்டாவது வேண்டும். முதல் ஆண்டு வேலையைப் பழகவே போய்விடும். மருந்தின் அளவை ஏன் கூட்டினோம் என்று யோசிக்க நேரம் கிடைப்பது இரண்டாம் ஆண்டில்தான். சி.சி.ஆர்.என். என்ற தீவிர சிகிச்சைச் சான்றை எழுத, இரண்டு ஆண்டில் 1,750 மணி நேரப் படுக்கையருகுப் பணி என்பது வழக்கமான தகுதி. அதையும் எழுதிவிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

அங்கே என்ன பழக வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கட்டுத் தமனியில் அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசர், நோயாளியின் இதய மட்டத்தில், அதாவது நான்காம் விலா இடைவெளியும் அக்குள் நடுக்கோடும் சந்திக்கும் இடத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். யாரோ கட்டிலை 10 செ.மீ. உயர்த்துகிறார்கள், கம்பத்தில் கட்டிய டிரான்ஸ்டியூசர் அதே இடத்தில் நிற்கிறது. திரையில் அழுத்தம் சுமார் 7 மி.மீ. பாதரச அளவு கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்எபிநெஃப்ரினைக் குறைப்பவர், உண்மையில் அழுத்தம் குறைந்து கிடக்கும் ஒருவருக்கு மருந்தைக் குறைக்கிறார். எண்ணை நம்புவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மயக்கவியலில் பாதி வேலை முடிந்தது.

ஐ.சி.யு.வுக்கும் அறுவை அரங்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கடிகாரம். மயக்கம் தொடங்கும் முதல் சில நிமிடங்களை எடுத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவர் மூச்சை வெளியே விட்ட பிறகும், கிலோவுக்கு 30 மி.லி. வீதம், சுமார் 2,100 மி.லி. காற்று நுரையீரலில் தங்கியிருக்கும். அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அப்படியே வைத்துக்கொண்டாலும் 440 மி.லி.தான் கையிருப்பு. உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. செலவழிக்கிறது. மூச்சு நின்றால் இரண்டு நிமிடம் கூடத் தாங்காது. மயக்க மருந்து போடும் முன் மூன்று நிமிடம் இயல்பான மூச்சில், அல்லது ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்ந்த மூச்சுகளில், தூய ஆக்சிஜனைக் கொடுத்தால் அதே நுரையீரலில் 1,900 மி.லி. அளவுக்கு ஆக்சிஜன் சேரும். இப்போது ஏழு நிமிடத்துக்கு மேல் அவகாசம். மூச்சுக்குழலில் குழாய் போடுவது சிக்கலானால் நோயாளியின் உயிர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதில் பிழை எப்படி நேர்கிறது என்றால், பெரும்பாலும் முகமூடி சரியாகப் பொருந்தாமல். தாடி, குழிவிழுந்த கன்னம், இறுகப் பிடிக்காத கை. மூச்சுக்கேற்ப இயந்திரத்தின் மூச்சுப் பை சுருங்கி விரியாவிட்டால், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் அலை திரையில் தட்டையாக இருந்தால், உள்ளே போவது அறைக் காற்று. மூன்று நிமிடம் ஆயிற்றா என்று கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், வெளிமூச்சின் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தைத் தொட்டதா என்று பார்ப்பதே சரி. உடல் பருமன் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு நுரையீரல் கையிருப்பும் குறைவு, செலவும் அதிகம்; மேலே சொன்ன ஏழு நிமிடம் அவர்களுக்குக் கிடைக்காது.

குழாய் மூச்சுக்குழலில்தான் இருக்கிறதா என்பதற்குக் கண்ணால் பார்த்தது, மார்பு எழுந்தது, குழாயில் நீராவி படிந்தது எதுவுமே உறுதிச் சான்று இல்லை. தொடர்ந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அலைதான் சான்று. வயிற்றில் சிக்கிய காற்றால் உணவுக்குழாயிலிருந்தும் முதல் சில மூச்சுக்கு அலை வரலாம். பிறகு தேய்ந்து மறைந்துவிடும். எனவே ஆறு மூச்சு வரையாவது அலை குறையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பல்வரிசையில் குழாயின் ஆழம் பெண்களுக்கு 21 செ.மீ., ஆண்களுக்கு 23 செ.மீ. அளவில் இருக்கும். அதைத் தாண்டினால் வலது நுரையீரலுக்குள் மட்டும் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அப்போதும் அலை அழகாகவே வரும், ஆக்சிஜன் மட்டும் மெல்லச் சரியும்.

மருந்துப் பிழைகளில் நாங்கள் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பேசுவது ஃபீனைலெஃப்ரின் பற்றி. மயக்கத்தால் விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்க ஒரு தடவைக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும். குப்பியிலோ ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது நூறு தடவைக்கான மருந்து. ஒரு மி.லி.யை 100 மி.லி. உப்புநீர்ப் பையில் கலந்தால்தான் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் வரும். அவசரத்தில் 10 மி.லி. சிரிஞ்சிலேயே கலந்து, இரண்டாவது முறை நீர்க்க மறந்தால் செறிவு பத்து மடங்கு. அழுத்தம் சீறி ஏறும், நாடித்துடிப்பு விழும். பதற்றத்தில், இதயத் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கப் பார்ப்பது இரண்டாவது பிழை. இறுகிப்போன ரத்தக்குழாய்களை எதிர்த்துத் துடிக்கும் இதயம் அதனால் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும். ஃபீனைலெஃப்ரினின் வீரியம் சில நிமிடங்களில் தானாக இறங்கும். பொறுத்துக்கொள்வதும் மயக்கத்தின் ஆழத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் போதும். மருந்தை இழுத்து முடித்த கையோடு சிரிஞ்சில் பெயர், செறிவு, தேதி, நேரம் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒட்டாத சிரிஞ்சு குப்பைக்கு. வாதமே வேண்டாம்.

மயக்க இயந்திரச் சோதனையை மாணவர்கள் சடங்காக நினைப்பது வருத்தம். காலை முதல் நோயாளி வருமுன் மாற்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அழுத்தம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இயந்திரத்தின் பின்னால் மாட்டும் 'ஈ' வகைச் சிலிண்டர் நிறைந்திருக்கையில் அழுத்தம் சுமார் 1,900 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), உள்ளே 660 லிட்டர். முள் 1,000 காட்டினால் இருப்பது சுமார் 350 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 70 நிமிடம் ஓடும். வென்டிலேட்டரையே ஆக்சிஜன் அழுத்தத்தால் இயக்கும் இயந்திரமாக இருந்தால் இதில் பாதி கூட வராது. மருத்துவமனைச் சுவர்க் குழாய் வழி வரும் ஆக்சிஜன் நின்றதும் கையால் பை அழுத்தச் சொல்வது அதனால்தான். பார்த்த பிறகு சிலிண்டரை மூடிவிட வேண்டும். திறந்தே வைத்தால், சுவர்க் குழாயில் அழுத்தம் குறையும்போது சிலிண்டர் சத்தமில்லாமல் காலியாகும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு இந்தக் கணக்கு செல்லாது. உள்ளே அது திரவமாக இருக்கிறது. கடைசித் துளி ஆவியாகும் வரை முள் 745-லேயே நிற்கும். மிச்சம் எவ்வளவு என்று அறிய எடைதான் போட வேண்டும்.

அரிதாக நேர்வதற்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மயக்க வாயுவால் சிலருக்கு உடல் வெப்பம் கட்டுமீறி ஏறும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவில் முதலில் தெரிவது காய்ச்சல் அல்ல. காற்றோட்டத்தைக் கூட்டக் கூட்ட ஏறும் கார்பன் டை ஆக்சைடு. மயக்க வாயுவை நிறுத்திவிட்டு, இதற்கான மருந்தான டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், 70 கிலோவுக்கு 175. பழைய வகைக் குப்பியில் 20 மில்லிகிராம்தான். ஆக ஒன்பது குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் 60 மி.லி. ஊசிக்கான தூய நீர். ஒருவரால் ஆகிற வேலையே அல்ல. அறையில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கையில் குப்பியைத் திணியுங்கள். புதிய வகையில் 250 மில்லிகிராம் ஒரே குப்பியில், 5 மி.லி. நீரில் கரையும்.

எழுப்பும் நேரத்தைப் பற்றி ஒன்று. தசை தளர்த்தி மருந்தின் வீரியம் முழுதாக இறங்கியதா என்று தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது பழைய வழி. தூக்கிக் காட்டுபவருக்கும் தொண்டைத் தசைகள் தளர்ந்தே இருக்கலாம். நரம்பை நான்கு முறை தூண்டி அளக்கும் கருவியில் நான்காம் துடிப்பு முதல் துடிப்பின் 90 சதவீதத்தையாவது எட்டிய பிறகே குழாயை எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போதே மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அறுவை அரங்கில் பார்வையாளராக நிற்க வாய்ப்புக் கிடைத்தால் அறுவையைப் பார்க்காதீர்கள், தலைமாட்டில் இருப்பவரைப் பாருங்கள். எதை, எந்த வரிசையில், எத்தனை முறை தொட்டுப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடங்களில் உடலியங்கியல், மருந்தியல், வேதியியல் மதிப்பெண்களை விட்டுவிடாதீர்கள். சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பவற்றில் அவை உண்டு. நேர்காணலில் ஐ.சி.யு. மருந்துகள் உடலின் எந்த ஏற்பியில் (ரிசெப்டர்) வேலை செய்கின்றன என்று கேட்பார்கள், 'ஏன் இந்தப் பணி' என்றும் கேட்பார்கள். முதல் கேள்விக்குத் தடுமாறியவரின் இரண்டாம் பதில் எடுபடாது.

கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்று. அமெரிக்க உரிமத்துக்கான கல்வி மதிப்பீட்டில் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, மனநலச் செவிலியம் ஒவ்வொன்றிலும் வகுப்பு மணி எத்தனை, களப்பயிற்சி மணி எத்தனை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அந்தப் படிவத்தைக் கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். செவிலியர் கவுன்சிலின் பதிவுச் சான்றும் அப்படியே. பதிவேடுகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே மணிக்கணக்கோடு கூடிய பாடத்திட்ட நகலை முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் தேடித்தர ஆள் இருக்காது.

இப்படிக்கு,
அறுவை அரங்கச் செவிலியப் பயிற்றுநர்கள்