தலைவலிக்குக் கண்ணாடி எழுதும் முன்

கண்ணாடிக் கடைகளில் பார்வை சோதிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் கடை முதலாளிகளுக்கும் வணக்கம்.

நம் ஊரில் தலைவலி என்றால் முதலில் தைலம், அப்புறம் மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால், "கண்ணு செக் பண்ணிப் பாரு" என்பார்கள். அதனால்தான் இந்த மடல் மருத்துவர்களுக்கு அல்ல, உங்களுக்கு.

என் அக்காவுக்கு நான்கு மாதத்தில் இரண்டு முறை பவர் மாற்றினார்கள். காலையில் எழும்போதே தலை வலிக்கும். குனிந்து கோலம் போட்டால் வலி கூடும். குமட்டலே இல்லாமல் வாந்தி வரும். சட்டென்று எழுந்தால் ஓரிரு நொடி கண் இருட்டும். இதை யாரும் கேட்கவில்லை. பித்தம் என்று நினைத்து நாங்களும் சொல்லவில்லை. மூன்றாவது கடையில் ஒரு பெண் கைக்கருவியால் விழிக்குள் பார்த்துவிட்டு, "அக்கா, கண்ணாடி வேண்டாம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

அவர் பார்த்தது பார்வை நரம்பு வட்டின், அதாவது அந்த நரம்பு விழியோடு சேரும் வட்டமான இடத்தின், வீக்கம். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே மூளையில் கட்டி வளர்ந்தால் அழுத்தம் ஏறி, நரம்பின் உறை வழியே விழியின் பின்புறம் வரை வந்துவிடும். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய, விழிக்குள் பார்க்கும் கருவியான ஆஃப்தால்மாஸ்கோப்பே அதைக் காட்டிவிடும்.

கட்டியின் பெயர் கிளையோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் மூளைப் புற்று. ஆபத்தில்லாமல் எடுக்க முடிந்ததை அறுவையில் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. முன்பே தெரிந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். நோய் அவ்வளவு கொடியது. ஆனால் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த பார்வை நரம்பு திரும்பவே இல்லை. மீதி இருந்த பதினான்கு மாதமும் மகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

தலைவலியோடு வருபவர்களில் மிகச் சிலருக்கே கட்டி இருக்கும், எல்லோரையும் பயமுறுத்த வேண்டாம். காலையில் வலியா, வாந்தி உண்டா, புதிதாக வலிப்பு வந்ததா, பேசும்போது சொல் தடுக்குகிறதா, ஒரு பக்கக் கை கால் சோர்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் விழிக்குள் பாருங்கள். வட்டின் விளிம்பு கலங்கித் தெரிந்தால் அன்றே அனுப்புங்கள். விளிம்பு தெளிவாக இருந்து இந்த அறிகுறிகள் இருந்தாலும் அனுப்புங்கள். எல்லாக் கட்டியும் நரம்பை வீங்க வைப்பதில்லை.

முதலாளிகளே, கடையில் அந்தக் கருவி இல்லையென்றால் ஒன்று வாங்கி வையுங்கள்.

அனுப்பும்போது காரணத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பெண் 'நரம்பு வீக்கம், அவசரம்' என்று எழுதித் தந்த சீட்டைக் காட்டித்தான் அக்காவுக்கு அன்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பி